மொட்டை மாடிக்கும் தோட்டத்துக்கும் வைஃபை: வீட்டின் அழகு கெடாத வழிகள்

தமிழ்நாட்டில் வீடு என்பது நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடும் இடமாக என்றுமே இருந்ததில்லை. சித்திரை, வைகாசி மாதங்களின் புழுக்கத்தில் பாயும் தலையணையுமாக மொட்டை மாடிக்கு ஏறுவதும், அந்தி சாயும் வேளையில் திண்ணையிலோ போர்டிகோவிலோ நாற்காலியைப் போட்டு அமர்வதும், கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் மாமர நிழலில் பிற்பகலைக் கழிப்பதும் நம்முடைய சீதோஷ்ணம் நமக்குக் கற்றுத்தந்த வாழ்க்கை முறை. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பிறகு, வீட்டிலிருந்தபடியே அலுவல் பார்ப்பதும் பாடம் கேட்பதும் சகஜமாகிவிட்ட இந்நாளில், அந்த இடங்களுக்கெல்லாம் இணையமும் கூடவே வரவேண்டும் என்று குடும்பத்தார் எதிர்பார்ப்பது நியாயமே. வாசற்கேட்டில் பொருத்திய காமிராவும், தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே இயக்கும் சுவிட்சும், மாடியிலுள்ள சூரிய மின்தகடுகளின் உற்பத்தியைக் கணக்கிட்டு அனுப்பும் கருவியும் இப்போது அதே இணையத்தை நம்பி நிற்கின்றன.

ஆனால், கூடத்தின் ஒரு மூலையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரௌட்டரின் சக்தி அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. படியேறி மாடிக் கதவைத் திறந்ததும் கைப்பேசியின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவது பலருடைய அனுபவம். இதற்குப் பரிகாரமாக ஒரு கேபிளை வாங்கி, ஜன்னல் வழியே வெளியே இழுத்து, சுவரெங்கும் ஆணியடித்து, கைப்பிடிச்சுவரின் மேல் தொங்கவிட்டு, துணி உலர்த்தும் கொடியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து வர்ணம் பூசிய முகப்பு ஒரே நாளில் அவலட்சணமாகிவிடுகிறது. வெளிப்புறத்துக்கென்று செய்யப்படாத அந்தக் கேபிளும் சில கோடைகளிலேயே மேலுறை வெடித்து, மழைநீர் இறங்கிப் பழுதாகிவிடுகிறது. அழகையும் பயனையும் ஒருங்கே காப்பாற்ற முடியும். அதற்கு முதலில் வேண்டியது அலையின் சுபாவத்தையும் வீட்டின் அமைப்பையும் அறிந்து செய்யும் யோசனை, அதற்குப் பிறகே கருவி.

அலையின் சுபாவம்

வைஃபை என்பது வானொலி அலைகளின் வகையைச் சேர்ந்ததே. 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி மின்காந்த அலைகள் உண்டு என்பதைப் பரிசோதனையால் பிரத்தியட்சமாகக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மிகச் சிறிய அலைகளை உண்டாக்கி, அவற்றைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, அங்கிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அலை சுவரைக் கடந்து செல்லும் என்பது எவ்வளவு உண்மையோ, கடக்கும்போதெல்லாம் கப்பம் கட்டிவிட்டே செல்லும் என்பதும் அவ்வளவு உண்மை. 

நம் வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அதில் பாதிக்கும் சற்றே குறைவு. நீண்ட அலை தரவைச் சுமக்கும் வேகத்தில் குறைந்தது, ஆனால் சுவர்களையும் இலைகளையும் தாண்டிச் செல்லும் சாமர்த்தியம் உள்ளது. குறுகிய அலை தரவை அதிவேகமாகச் சுமப்பது, ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் சோர்ந்துவிடும். ஆகவே, மாடியிலும் தோட்டத்திலும் கைப்பேசி தடுமாறும்போது, 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் அதை 2.4-க்கு மாற்றிப் பார்ப்பது செலவே இல்லாத முதல் பரிகாரம். கேட்டுக் காமிராக்களிலும் மோட்டார் சுவிட்சுகளிலும் பெரும்பாலானவை 2.4 வரிசையில் மட்டுமே இயங்குபவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறந்த வெளியில் கூட, தூரம் இரு மடங்கானால் அலையின் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் நம் வீடுகளில் தூரத்தைக் காட்டிலும் பெரிய பகைவர் கட்டடமே. செங்கல் சுவர் ஓரளவு வழிவிடும். இரும்புக் கம்பிகளைப் பின்னிப் போட்ட காங்கிரீட் தளமோ, வரும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கையும், சில வேளைகளில் அதற்கு மேலும் விழுங்கிவிடும். நேர் கீழே கூடத்தில் ரௌட்டர் இருந்தும், நேர் மேலே மாடியில் சிக்னல் இல்லாமற்போவதற்கு இதுவே காரணம். இரும்பு பீரோ, தகரக் கூரை, தண்ணீர் நிறைந்த தொட்டி ஆகியவையும் அவ்வாறே வழிமறிப்பவை. பலர் சந்தேகிக்கவே மாட்டாத ஒரு தடை ஜன்னலில் இருக்கிறது: கொசுவுக்காகப் பொருத்திய உலோக வலையின் கண்கள் அலையின் நீளத்தைவிட மிக மிகச் சிறியவையாதலால், அந்த வலை அலைகளுக்கு ஏறக்குறைய ஒரு தகரச் சுவராகவே நிற்கிறது. அதே ஜன்னலில் நைலான் வலையைப் பொருத்தினால் கொசுவும் நிற்கும், அலையும் செல்லும். வெப்பத்தைத் தடுப்பதற்காக உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் உலோக வலையைப் போன்றே அலைகளைத் திருப்பியனுப்பும் தன்மையது. தோட்டத்தில் அடர்ந்து நிற்கும் செடிகொடிகளின் இலைகளிலுள்ள நீரும் அலையை உறிஞ்சும். பெய்யும் மழையைக் காட்டிலும், மழையில் நனைந்த மாமரமே பெரிய இடையூறு.

இன்னொரு விஷயத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். "அதிக சக்தியுள்ள ரௌட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் அபிப்பிராயம். வைஃபை ஒருவழிப் பிரசாரம் அன்று, இருவழிச் சம்பாஷணை. ரௌட்டர் அனுப்புவது கைப்பேசிக்குக் கேட்க வேண்டும்; கைப்பேசி அனுப்புவதும் ரௌட்டருக்குக் கேட்க வேண்டும். ரௌட்டரின் சக்தியை எவ்வளவு கூட்டினாலும், சிறிய பாட்டரியை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசும் கைப்பேசியின் பதில் அந்தத் தூரத்தைக் கடந்து வந்து சேருவதில்லை. கோடுகள் நிறையத் தெரிந்தும் படம் நகராமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். கருவியின் பலத்தைப் பெருக்குவதைக் காட்டிலும், கருவியை உபயோகிக்கும் இடத்துக்குச் சமீபமாகக் கொண்டுவருவதே விவேகம்.

செலவில்லாத பரிகாரங்கள்

ரௌட்டரின் ஸ்தானத்தை மாற்றிப் பார்ப்பதே முதற்படி. தோட்டத்தை நோக்கிய ஜன்னலின் அருகே, ஆளுயரத்துக்கு மேல், இரும்புச் சாமான்கள் இல்லாத இடத்தில் அது அமர்ந்தால், வெளியே செல்லும் வழியில் ஒரு சுவராவது குறையும். மாடிக்கு எட்ட வேண்டுமென்றால், மாடிப்படிக் கூண்டின் அருகே வைப்பது உத்தமம்; காங்கிரீட் தளத்தைத் துளைத்துச் செல்வதைவிடப் படிக்கட்டின் திறந்த வழியே ஏறிச் செல்வது அலைக்குச் சுலபம். 

கம்பி போன்று நீண்ட ஆன்டெனாவிலிருந்து அலை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் குச்சியில் ஓர் உளுந்து வடையைக் கோத்தாற்போல, பக்கவாட்டில் அகன்று பரவி, நுனியின் நேர் மேலே மெலிந்துவிடுகிறது. ஆகவே எல்லா ஆன்டெனாக்களையும் நேராக நிறுத்திவைத்தால் தரைமட்டத்துத் தோட்டத்துக்கு நல்லது. ஒன்றைப் படுக்கவைத்தால் மாடிக்கு அனுகூலம். நெருக்கமான தெருவில், அண்டை வீட்டு ரௌட்டர்களும் அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. அவற்றுள் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் பயன் தரும்.

இவ்வளவிலேயே பல சிறிய வீடுகளின் குறை தீர்ந்துவிடும். தீராத இடங்களில்தான் புதிய சாதனம் அவசியமாகிறது.

கம்பியில்லாத உதவியாளர்கள்

பூஸ்டர், எக்ஸ்டெண்டர் என்று கடைகளில் விற்கப்படும் சிறு கருவிகள் ரௌட்டரின் பேச்சைக் கேட்டுத் திருப்பிச் சொல்பவை. ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதுமாக இரண்டு வேலை செய்வதால், சாதாரண வகைகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் என்று வழங்கும் புதிய அமைப்பு இதைவிட மேலானது. பல கருவிகள் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொண்டு, தம்முள் கலந்துகொண்டு, வீட்டுக்குள்ளிருந்து மாடிக்குச் செல்பவரைக் கைமாற்றி அனுப்பிவைக்கின்றன. அவற்றுள் சற்று விலையேறிய வகைகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்றே தனி அலைவரிசையை ஒதுக்கிக்கொள்வதால் வேக நஷ்டமும் குறைகிறது.

இவற்றை ஸ்தாபிப்பதில் அநேகர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சிக்னல் செத்துப்போன இடத்தில்தானே உதவி வேண்டும் என்று எண்ணி, கருவியை அந்த மூலையிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். தனக்கே சரியாகக் கேளாத ஒன்றை அது பிறருக்கு எவ்வாறு எடுத்துச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், உதாரணமாகத் தோட்டத்தை நோக்கிய அறையின் ஜன்னலருகே அல்லது மாடிப்படிக் கூண்டின் உட்புறத்து அலமாரியில் வைத்தால், வெளியே ஒரு முழக் கம்பி கூடத் தெரியாமல் காரியம் முடிந்துவிடும்.

வீட்டின் மின்சார வயர்களிலேயே இணையத்தையும் அனுப்பும் பவர்லைன் கருவிகளும் உண்டு. ஒரே ஃபேஸிலுள்ள இரண்டு பிளக் பாயின்டுகளுக்கிடையே அவை நன்கு இயங்கும். ஆனால் மும்முனை இணைப்புள்ள வீடுகளில் வெவ்வேறு ஃபேஸ்களுக்கிடையிலும், இன்வெர்ட்டர் வழியே செல்லும் லைன்களிலும், சர்ஜ் காப்புள்ள எக்ஸ்டென்ஷன் போர்டுகளிலும் அவற்றின் சக்தி பெரிதும் குன்றிவிடுகிறது. நம் நாட்டு வீடுகளில் இந்தச் சிக்கல்கள் சர்வ சாதாரணமாதலால், திருப்பிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு வாங்கிப் பரீட்சித்துப் பார்த்த பிறகே வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்து செல்லும் ஒரே கம்பி

நிரந்தரமான, ஸ்திரமான பரிகாரம் வேண்டுவோர்க்கு என் துணிந்த அபிப்பிராயம் இது: கம்பியே கூடாது என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, கண்ணில் படாத ஒரே ஒரு கம்பியை அனுமதிக்க வேண்டும். வைஃபை அலையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட் என்ற கருவியில், வெளிப்புறத்துக்கென்றே செய்த ஒன்றை மாடியிலோ தோட்டத்துச் சுவரிலோ பொருத்தி, அதைக் கூடத்து ரௌட்டரோடு ஒரு லேன் கேபிளால் இணைத்துவிட்டால், திறந்த வெளியில் 40, 50 மீட்டர் வரை கைப்பேசிகள் தடையின்றி இயங்கும். சுவரைத் துளைக்கும் கஷ்டமே அலைக்கு இல்லாமற்போகும்.

இதற்குத் தனியாக மின்சார லைன் இழுக்க வேண்டுமோ என்ற சந்தேகம் எழலாம். வேண்டியதில்லை. இணையத்தையும் மின்சாரத்தையும் ஒரே லேன் கேபிளில் அனுப்பும் முறை 2003-ஆம் ஆண்டிலேயே சர்வதேச நியமமாக வகுக்கப்பட்டுவிட்டது, பி.ஓ.ஈ. என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்த முதல் நியமப்படி 15 வாட்டுக்குச் சற்றே மேற்பட்ட சக்தியை, ஆபத்தில்லாத குறைந்த வோல்டேஜில், 100 மீட்டர் வரை அனுப்பலாம். வீட்டுத் தேவைக்கு இது தாராளம். ஆனால் மலிவான சில கருவிகள் இந்த நியமத்துக்கு உட்படாமல் 24 வோல்ட்டில் இயங்குபவை. ஒன்றின் அடாப்டரை மற்றொன்றுக்கு மாட்டக் கூடாது. கேபிள் வாங்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை மலிவாகக் கிடைக்கிறது. அது மின்சாரத்தைச் சுமக்க ஏற்றதன்று. முழுச் செம்பாலான, வெயிலைத் தாங்கும் கறுப்பு மேலுறையுள்ள வெளிப்புறக் கேபிளையே கேட்டு வாங்க வேண்டும்.

மறைக்கும் யுக்திகளுக்குக் குறைவில்லை. ஏ.சி.க் குழாய்க்காகச் சுவரில் ஏற்கெனவே போட்ட துளையின் ஓரத்திலேயே லேன் கேபிளும் வெளியேறலாம். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் பின்புறம், சுவருக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட சந்தில், ஒரு சிறு பி.வி.சி. பைப்பைச் செலுத்திச் சுவரின் வர்ணத்தையே அதற்கும் பூசிவிட்டால், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சன்ஷேட்டின் மேற்புறத்து விளிம்பும், கைப்பிடிச்சுவரின் உட்புறத்து அடிப்பகுதியும் அவ்வாறே மறைவான பாதைகள். பழைய கேபிள் டி.வி. ஒயரோ டிஷ் ஒயரோ சுவருக்குள் பதித்த பைப் வழியே மாடிக்குச் சென்று, இப்போது உபயோகமின்றிக் கிடந்தால், அதன் ஒரு நுனியில் புதிய கேபிளை இறுகக் கட்டி மறு நுனியைப் பிடித்து இழுத்தால், பழையது வெளியே வர, புதியது அதன் இடத்தில் குடியேறும். ஒரு செங்கல்லைக் கூடக் கொத்த வேண்டியதில்லை. தோட்டத்துக்குச் செல்லும் கேபிளை நடைபாதைக் கற்களின் ஓரமாகப் பைப்பில் போட்டுப் புதைத்தால், அணிலும் எலியும் கடிக்கும் தொல்லையும் நீங்கும், மண்வெட்டிக்கும் தப்பும்.

வெளியில் வைக்கும் கருவி வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கருவியின் மேல் ஐ.பி. 65 என்று அச்சிட்டிருந்தால், தூசி புகாது, பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள், ஐ.பி. 67 என்றால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் கெடாது. நம் நாட்டில் மழையினும் கொடியது வெயில். வடக்குச் சுவரில் வைத்தால் நிழல் இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்தே செல்கிறானாதலால், கடுங்கோடையில் அந்தச் சுவரும் காயும். சன்ஷேட்டின் அடியில் பொருத்துவதே எல்லா மாதங்களிலும் காப்பு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஆணிகளை அரித்துவிடுமாதலால், துருப்பிடிக்காத எஃகு ஸ்குருக்களையே உபயோகிக்க வேண்டும்.

இடி மின்னலைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. மாடியின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கும் மேலாக ஓர் இரும்புக் குழாயை நட்டு அதன் நுனியில் கருவியைக் கட்டுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். கைப்பிடிச்சுவரின் உயரத்துக்குள் அடங்கியிருப்பதே நல்லது. குழாய் தவிர்க்க முடியாததானால் அதற்கு முறையான எர்த் கொடுக்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் லேன் கேபிளுக்கென்று கிடைக்கும் சர்ஜ் காப்புக் கருவியைப் பொருத்த வேண்டும். மின்சார வயரையும் லேன் கேபிளையும் ஒரே பைப்பில் போடவே கூடாது. இன்னும் நிம்மதி வேண்டுவோர், கண்ணாடி இழைக் கேபிளைத் தேர்ந்தெடுக்கலாம். உலோகம் கலவாத அந்த இழை மின்சாரத்தைக் கடத்துவதில்லை ஆதலால், அதன் வழியே மின்னலின் அதிர்ச்சி வீட்டுக்குள் வராது. நூல் போன்று மெலிந்த, நிறமற்ற இழைக் கேபிள்கள் இப்போது கிடைக்கின்றன. சுவரோரம் ஒட்டிவிட்டால் அருகில் சென்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் இழை மின்சாரத்தைச் சுமக்காதாகையால், அக்சஸ் பாயின்டுக்கு அங்கேயே ஒரு பிளக் பாயின்ட் இருக்க வேண்டும்.

தூரத்து மோட்டார் ரூமுக்கு

வீட்டிலிருந்து 100, 200 மீட்டர் தள்ளித் தோப்புக்குள் இருக்கும் மோட்டார் ரூமுக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ இணையம் வேண்டுமென்றால், கேபிள் புதைப்பதைவிட இரண்டு திசை ஆன்டெனாக்களை எதிரெதிரே நோக்கவைத்து அலைப்பாலம் அமைப்பதே லாபகரமானது. ஒன்று மாடியில், மற்றொன்று மோட்டார் ரூமின் சுவரில். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். நேராகப் பார்ப்பது என்றால் ஒரு நூல் அளவு இடைவெளி போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 200 மீட்டர் தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது, நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு அலை விரிந்து செல்கிறது; அந்த வட்டத்துக்குள் தென்னை ஓலை வந்து ஆடினால் இணைப்பும் தடுமாறும். ஓலை தாழ்ந்து தொங்குவதையும் எண்ணிப் பார்த்தே உயரத்தை நிர்ணயிக்க வேண்டும். இத்தகைய வெளிப்புற உபயோகத்துக்குச் சட்டத்தில் தடையில்லை: 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005-லும், வெளிப்புற உபயோகமும் சேர்ந்த 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2018-லும், நிர்ணயித்த சக்தி வரம்புக்கு உட்பட்டு, இந்தியாவில் உரிமம் வேண்டாதவையாக அறிவிக்கப்பட்டுள்ளன.

வெளியே பரவும் சிக்னல் நம் மதிற்சுவரோடு நின்றுவிடுவதில்லை. தெருவில் நிற்பவரின் கைப்பேசியையும் எட்டும். ஆகவே நீண்ட கடவுச்சொல்லும், டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது அதனினும் புதிய டபிள்யூ.பி.ஏ. 3 என்ற காப்பு முறையும் அவசியம். விருந்தினர்க்கும், கேட்டுக் காமிரா போன்ற சாதனங்களுக்கும் தனி வைஃபை பெயர் ஒன்றை ஒதுக்கிவிட்டால், குடும்பத்தாரின் கணினிகள் பத்திரமாக இருக்கும். தேவைக்கு மேல் சக்தியைக் கூட்டாமல் குறைத்து வைப்பது அண்டை வீட்டார்க்குச் செய்யும் உபகாரமும் ஆகும்.

இறுதியாக, புதிதாக வீடு கட்டுவோரிடத்தில் ஒரு வேண்டுகோள். மின்சார வயருக்காகச் சுவரைக் கொத்தும் அந்தச் சில நாட்களிலேயே, கூடத்திலிருந்து மாடிக்கு ஒன்று, வாசற்கேட்டுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என, மின்சாரப் பைப்புகளிலிருந்து விலக்கி, மூன்று வெற்றுப் பைப்புகளைப் போடச் சொல்லுங்கள். பின்னாளில் எந்தக் கேபிளையும் இழுத்துக்கொள்ள ஏதுவாக ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இழுப்புக் கம்பியை விட்டுவைக்கச் சொல்லுங்கள். நுனிகளைப் பூச்சும் மழைநீரும் புகாமல் மூடிவைத்து, அவை செல்லும் வழியை வீட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. இன்றைய கருவிகள் பழமையாகிப் புதியவை வந்தாலும், அந்தப் பைப்புகள் அவற்றுக்கும் வழிவிடும்.